நாலாவது பெடல்

ஆயிரத்து நானூறு டாலர். மூன்று நாளாக நெல்டாவின் தலைக்குள் இந்தத் தொகைதான் ஈ மாதிரி சுற்றிக்கொண்டிருந்தது.

புருஷன் ராய்ஸ் இறந்து எட்டு மாதம் ஆகிறது. அவன் விட்டுப்போனதில் பழைய பிக்கப் வண்டியைத் தவிர உருப்படியான பொருள், பதினெட்டு வருடமாகக் கட்டிலுக்கடியில் கிடந்த, காலால் பெடலை மிதித்து வாசிக்கும் பெடல் ஸ்டீல் கிட்டார் ஒன்றுதான். நெல்டாவுக்கோ, தான் இருபத்திரண்டு வருடமாகச் சமைக்கும் வெல்மா கஃபேயைத் தானே வாங்கிவிட வேண்டும் என்று ஆசை. முன்பணம் பன்னிரண்டாயிரம். கையில் இருப்பது நாலாயிரத்து ஐநூறு. திங்கட்கிழமை காலை வரைதான் பொறுப்பேன் என்று முதலாளி வெல்மா சொல்லிவிட்டாள்.

மீதியைக் கிட்டார் கொடுக்கும் என்று நெல்டா நம்பியிருந்தாள். கொழுந்தன் டாய்ல்தான் படம் எடுத்து டாலஸிலுள்ள என்னிஸ் என்ற பழைய கிட்டார் வியாபாரிக்கு அனுப்பினான். "மாணவர்களுக்கான மலிவு ரகம்" என்று பதில் வந்தது. விலை, முதல் வரியில் சொன்னது.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு, டெக்சஸில் தங்கள் ஊரான மினியோலாவிலிருந்து வண்டி கிளம்பியது. ஓட்டியவன் டாய்ல். பக்கத்தில் நெல்டா. பின்சீட்டில் கிட்டார் பெட்டியைக் கட்டிப்பிடித்தபடி மகள் பெக்கா. டாலஸ் ஹோட்டல் ஒன்றில் வருடாவருடம் நடக்கும் ஸ்டீல் கிட்டார் கூட்டத்தில் என்னிஸும் கடை போட்டிருந்தார்.

"அண்ணி, போனோமா, குடுத்தோமா, வந்தோமான்னு இருக்கணும்," என்றான் டாய்ல். "அங்க போய் பேரம் கீரம் பேசிக்கிட்டு நிக்காதீங்க. நான் கை குடுத்துட்டேன்."

"எப்போ?"

"வியாழக்கிழமை. டாலஸ் போயிருந்தேன்ல. இருநூறு அட்வான்ஸும் வாங்கியாச்சு."

"எங்கப்பா கிட்டாருக்கு நீங்க எப்படி சித்தப்பா அட்வான்ஸ் வாங்குவீங்க?" என்றாள் பெக்கா.

"அது மரக்கட்டைம்மா. ஆயிரத்து நானூறே அதிகம். உங்கப்பன் அதைக் கட்டிக்கிட்டு அழுததுக்கு ஒரு வெல்டிங் மெஷினைக் கட்டிக்கிட்டு இருந்தா இன்னிக்கு நீங்க எங்கயோ இருந்திருப்பீங்க."

வண்டி ஓட்டுகிறவனிடம் சண்டை போடக்கூடாது என்பது நெல்டாவின் கொள்கை. இறங்கியபின் போடலாம்.

டாய்லின் ஃபோன் அடித்தது. பார்த்தான், அணைத்தான். பத்து மைல் தாண்டி மறுபடி அடித்தது. மறுபடி அணைத்தான்.

"யாரு?"

"வேலை விஷயம்." தாடியைச் சொறிந்துகொண்டான். "ஆமா அண்ணி, உங்க கஃபேல மொத்தம் எத்தனை சீட்டு?"

"இருபது வருஷமா ஓசில சாப்பிடறே. ஒருநாள்கூட எண்ணிப் பாத்ததில்லையா?"

டாய்லுக்கு எதையும் எண்ணிப் பார்க்கும் பழக்கம் கிடையாது. இன்றைய கதையே அதனால் வந்ததுதான்.

ஹோட்டலின் பெரிய கூடத்தில் மேடையில் ஒருவர் மாற்றி ஒருவர் வாசித்துக்கொண்டிருந்தார்கள். ஆளுக்கு அரை மணி நேரம். சுற்றிலும் கடைகள். இரண்டு காதிலும் காதுக்கருவி மாட்டிய பெரியவர்கள் எந்தத் தந்தியின் நாதம் இனிமை என்று மூக்கும் மூக்கும் உரச வாதாடிக்கொண்டிருந்தார்கள்.

என்னிஸ் ஒல்லியான ஆள். வெள்ளைத் தொப்பி, பளபளக்கும் பெல்ட். நெல்டாவைப் பார்த்ததும் தொப்பியைத் தொட்டார்.

"வாங்க மேடம். கிட்டாருக்குக் கால் மாட்டிடுங்க. ஒரு பார்வை பாத்துட்டு செக் எழுதிடறேன்."

டாய்ல் பெட்டியைத் திறந்தான். நாலு கால்களையும் உடம்பில் திருகி நிமிர்த்தினான். மேசை மாதிரி நின்றது கிட்டார். முன்கால்கள் இரண்டுக்கும் குறுக்கே பெடல் சட்டத்தைப் பொருத்தினான். சட்டத்தின் நெற்றியில் 'ப்ரேரி ஸ்டூடண்ட்' என்று எழுதியிருந்தது. கிட்டார் உடம்பில் எந்தப் பெயரும் இல்லை. "என் கிட்டார்ல இன்னொருத்தன் பேரு எதுக்கு?" என்று வாங்கிய அன்றே பெயர்ப்பட்டையைக் கழற்றி எறிந்தவன் ராய்ஸ். கல்யாணத்துக்கு முந்திய கதை அது. ஃபோர்ட் வொர்த்தில் ஒரு கிழவர் செய்தது என்று மட்டும் நெல்டாவிடம் சொல்லியிருந்தான். அதை அவள் டாய்லிடம் சொன்னபோது அவன் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

பெடலையும் உடம்பையும் இணைக்கும் கம்பிகளைக் கீழிருந்துதான் மாட்ட வேண்டும். நெல்டா செருப்பைக் கழற்றினாள். ஐம்பத்தொன்பது வயதுக்காரி, அத்தனை பேர் நடமாடும் கூடத்தில், கம்பளத்தின்மேல் மல்லாந்து படுத்துக் கிட்டாருக்கடியில் தலையை நுழைத்தாள்.

"அம்மா, என்ன பண்றே?"

"இது என் வேலைடி."

உண்மையிலேயே அவள் வேலைதான். நடனக்கூடம் நடனக்கூடமாக ராய்ஸ் வாசித்த அந்த இருபது வருடமும், அவன் மேலே சுருதி சேர்க்கும்போது அவள் கீழே படுத்துக் கம்பி மாட்டுவாள். விளக்கு வேண்டாம், விரலே போதும்.

ஒன்று. இரண்டு. மூன்று.

கை தானாக நாலாவதற்குப் போயிற்று. கொக்கி இருந்தது. கையில் கம்பி இல்லை. கீழே பார்த்தாள். பெடலும் இல்லை.

நெல்டா சட்டத்தைப் பிடித்து ஆட்டிப் பார்த்தாள். காலோடு ஒட்டாமல் கடகடவென்று ஆடியது.

"டாய்ல், இன்னொரு பெடல் எங்கே?"

"மூணு பெடல் கிட்டாருக்கு மூணு பெடல்தான் அண்ணி இருக்கும்."

"ஆயிரம் தடவை மாட்டியிருக்கேன்டா. நாலு."

"ஞாபகம் பிசகியிருக்கும். பதினெட்டு வருஷம் ஆச்சுல்ல?"

"என் ஞாபகம் பிசகலாம். மேல கொக்கி நாலு இருக்கே, அதுக்குமா ஞாபகம் பிசகும்?"

என்னிஸ் சிரித்தபடி குனிந்தார். முட்டி போட்டார். சட்டைப் பையிலிருந்து சின்ன டார்ச்சை எடுத்துக்கொண்டு, தொப்பியைக் கழற்றிவிட்டு நெல்டாவுக்குப் பக்கத்தில் அவரும் படுத்தார். சிரிப்பு நின்றது. டார்ச் வெளிச்சம் ஒரு கம்பியிலிருந்து இன்னொரு கம்பிக்கு மெதுவாக நகர்ந்தது. ஒரு வார்த்தை பேசவில்லை மனிதர்.

நெல்டா சமையல்காரிதான். ஆனால் சந்தையில் மீன் வாங்குகிறவள். வாங்க வந்தவன் குறை சொல்லிக்கொண்டே இருந்தால் சரக்கு சுமார். வாயை மூடிக்கொண்டான் என்றால் சரக்கு நல்ல சரக்கு என்பது அவளுக்குத் தெரியும்.

என்னிஸ் எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டார்.

"பழசுதான் மேடம். இருந்தாலும் தூரத்துலேர்ந்து வந்திருக்கீங்க. ரெண்டாயிரமா வெச்சுக்குங்க."

பெக்கா பக்கென்று சிரித்துவிட்டாள். "ஒரு நிமிஷம் படுத்து எந்திரிச்சதுக்கு அறுநூறு டாலர் ஏறிடுச்சே! இன்னொரு நிமிஷம் படுங்க சார்."

"பெக்கா, ஒரு பக்கம் பிடி," என்றாள் நெல்டா.

இருவரும் சட்டத்தைக் கழற்றினார்கள். கால்களைக் கழற்றினார்கள். கிட்டாரைத் தூக்கிப் பக்கத்திலிருந்த காலி மேசையில் குப்புறக் கவிழ்த்தார்கள்.

"அண்ணி, என்ன இது, சந்தி சிரிக்கப் போகுது!" என்று பதறினான் டாய்ல்.

சந்தி சிரிக்கவில்லை, கூடியது. ஸ்டீல் கிட்டார்காரர்கள் கிட்டாரின் முகத்தைப் பார்ப்பதேயில்லை, வயிற்றைத்தான் பார்ப்பார்கள். இந்தக் கூட்டத்தில் ஒரு கிட்டார் கவிழ்ந்து கிடந்தால் மேடையில் யார் வாசித்தாலும் அவர் கதி அதோகதிதான். இரண்டு நிமிடத்தில் பதினைந்து தலைகள் மேசைமேல் குனிந்தன.

"அறுகோணக் கம்பி பாரு."

"விமானத் தொழிற்சாலை அலுமினியம்."

"டீட்ஸ்! ஆர்வல் டீட்ஸ் கைவேலைய்யா இது!"

"சும்மா இருய்யா. மொத்தமே அவரு நாப்பத்தியொண்ணுதான் செஞ்சாரு."

"அப்ப இது அதுல ஒண்ணு. இதோ ஓரத்துல நம்பர். இருபத்தொம்போது."

நெல்டா என்னிஸைத் திரும்பிப் பார்த்தாள். அவர் தொப்பியைக் கையில் வைத்துச் சுற்றிக்கொண்டிருந்தார்.

"சரி மேடம், உள்ளதைச் சொல்லிடறேன். டீட்ஸ் ஃபோர்ட் வொர்த்ல விமானத் தொழிற்சாலைல வேலை பாத்தவரு. மிஞ்சின அலுமினியத்துல வீட்டு கராஜ்ல இதைச் செஞ்சாரு. மத்தவங்க மூணு பெடல் வெச்ச காலத்துல இவரு நாலு வெச்சாரு. ஃபோட்டோல சட்டத்துல இருந்த பேரைப் பாத்து நான் ஏமாந்துட்டேன். அது சத்தியம்."

"கீழ படுத்ததுக்கப்புறம்?"

"அதுக்கப்புறம் ஏமாறல," என்றார் என்னிஸ். முகம் சிவந்திருந்தது. "ஆனா ஒண்ணு. இதோட சொந்தச் சட்டம் இல்லை. உடம்பு மட்டும்னா ஆறாயிரம். அதுக்கு மேல யாரும் தரமாட்டாங்க. அதே நம்பர் போட்ட சட்டமும் சேந்து இருந்தா, அது வேற கதை."

ஆறாயிரமும் நாலாயிரத்து ஐநூறும் பத்தாயிரத்து ஐநூறு. இன்னும் ஆயிரத்து ஐநூறு கிடைத்தால் கஃபே நெல்டாவுடையது. கிடைக்காவிட்டால் புது முதலாளி ஒருவனுக்கு முட்டை பொரித்துப் போட வேண்டியதுதான்.

"சட்டம் எப்படிம்மா மாறும்?" என்றாள் பெக்கா.

நெல்டாவின் கண் மெதுவாக டாய்ல் பக்கம் திரும்பியது.

பதினெட்டு வருடத்துக்கு முன்னால், இதே ஹோட்டல், இதே கூடம். ராய்ஸ் வாசித்து முடித்து இறங்கியபோது ஃபோன் வந்தது. பதின்மூன்று வயது பெக்காவுக்குக் குடல்வால் வெடித்து ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். புருஷனும் பெண்டாட்டியும் போட்டது போட்டபடி ஓடினார்கள். அங்கேயே தங்கி எல்லாவற்றையும் மூட்டை கட்டியவன் டாய்ல். அடுத்த மாதமே, வேலை பார்த்த குழாய்க் கிடங்கில் ராய்ஸின் இடது கை நசுங்கியது. அதன்பிறகு அவன் கிட்டார் பெட்டியைத் திறக்கவே இல்லை.

"சட்டமெல்லாம் கறுப்பு உறைல இருந்துச்சு!" என்றான் டாய்ல். "மேடைக்குப் பின்னாடி வரிசையா ஏழெட்டு. கைக்கு வந்ததை எடுத்தேன். உள்ள எத்தனை பெடல்னு எண்ணிக்கிட்டா இருப்பாங்க?"

"இருப்பாங்க," என்று பதினைந்து பேரும் ஒரே குரலில் சொன்னார்கள்.

நெல்டா செருப்பைக்கூடப் போட்டுக்கொள்ளவில்லை. நேராக மேடைக்கு நடந்தாள். அங்கே குண்டாக ஒருவர் தன் கிட்டாருக்குப் பின்னால் உட்கார்ந்து வாசிக்கத் தயாராகிக்கொண்டிருந்தார். இந்தக் கூட்டத்தில் தொலைந்த பொருளுக்காக மைக் கேட்டால் மறுக்கமாட்டார்கள். காதுக்கருவி, பல்செட், கிட்டார் கால் என்று நாள் முழுக்க அறிவிப்பு இருக்கும். நெல்டா மைக்கை வாங்கினாள்.

"எம்பேரு நெல்டா. ராய்ஸோட பொண்டாட்டி. பதினெட்டு வருஷத்துக்கு முன்னாடி இதே மேடைக்குப் பின்னாடி எங்க கொழுந்தன் டாய்ல் யாரோ ஒருத்தரோட பெடல் சட்டத்தை மாத்தி எடுத்துட்டான். அதோ, தாடி வெச்சுக்கிட்டுத் தூணுக்குப் பின்னாடி ஒளியறானே, அவன்தான். எங்களுது நாலு பெடல் சட்டம். நம்பர் இருபத்தொம்போது. யாருகிட்டயாவது எதுக்கும் ஒத்துவராத நாலு பெடல் சட்டம் இருந்தா தயவுசெஞ்சு சொல்லுங்க. உங்க மூணு பெடல் சட்டம் பத்திரமா இருக்கு."

கூடம் சிரித்தது. சிரிப்பு அடங்குமுன் அவளுக்குப் பின்னால் நாற்காலி உருண்டு விழுந்தது. வாசிக்க உட்கார்ந்திருந்த குண்டு மனிதர் எழுந்து நின்றிருந்தார். ஆர்கன்சாவில் குழாய் வேலை பார்க்கும் கோய் அவர்.

"நீங்கதானா அது! பதினெட்டு வருஷமாத் திட்டிக்கிட்டு இருக்கேன்! நான் முதமுதல்ல வாங்கின கிட்டாரு. அதோட சட்டத்தை எவனோ ஒரு தாடிக்காரன்தான் தூக்கிட்டுப் போயிருக்கணும்னு என் பொண்டாட்டிகிட்ட அன்னிக்கே சொன்னேன்!"

"எங்க சட்டம் இருக்கா?" என்றாள் நெல்டா.

கோய் வாயைத் திறந்தார். அதற்குள் கூடத்தின் கடைசியில் பின்னல் வேலை செய்துகொண்டிருந்த அவர் மனைவி ஓலீட்டா எழுந்து கத்தினாள்: "கோய்! அதுலதானே நம்ம துண்டு காயுது!"

கூட்டம் முழுவதும் வண்டி நிறுத்துமிடத்துக்கு நகர்ந்தது. கோயும் மனைவியும் தங்கிப் பயணம் போகும் கேம்பர் வண்டியில், குளியலறைக் கதவுக்குப் பக்கத்தில், இரண்டு திருகாணியில் தொங்கிக்கொண்டிருந்தது சட்டம். ஒரு நீலத் துண்டு, ஒரு ஜோடி காலுறை. ஓலீட்டா துண்டை உருவினாள். நாலு பெடல். ஓரத்தில் சின்னதாகப் பொறித்த எண்: இருபத்தொன்பது.

"கம்பி?" என்றார் என்னிஸ், மூச்சு வாங்க.

"தூண்டில் கோலோட ரப்பர் போட்டுக் கட்டி வெச்சிருக்கேன்," என்றார் கோய். "ஸ்டீல்காரன் எதையாவது தூக்கிப் போடுவானா?"

கூடத்துக்குத் திரும்பி, கிட்டாருக்குக் கால்களை மாட்டியதும் நெல்டா மறுபடி கம்பளத்தில் படுத்தாள். இந்தத் தடவை சட்டம் ஆடவில்லை, கால்களோடு கச்சிதமாகப் பொருந்தியது. ஒன்று. இரண்டு. மூன்று. நாலு. கடைசிக் கம்பி கொக்கியில் விழுந்த 'க்ளிக்' சத்தம் கேட்டதும் அவளுக்கு அழுகை வந்துவிட்டது. கிட்டாருக்கடியில் யாரும் பார்க்கமாட்டார்கள் என்று நன்றாகவே அழுதாள். மேலே ராய்ஸ் உட்கார்ந்து சுருதி சேர்ப்பது போலவே இருந்தது.

உட்கார்ந்தவர் கோய். பழைய தந்திகள்தான், ஆனாலும் திருகித் திருகி ஒருவழியாகச் சேர்த்தார். இடது கையால் தந்திகள்மேல் எஃகு உருளையை நகர்த்தி, நாலாவது பெடலை மிதித்தார். ஒரு சுரம் தன் இடத்திலிருந்து கிளம்பி, பக்கத்து சுரத்தைத் தொட்டுத் தடவிவிட்டு, இறங்கி வந்தது. தூங்கப் போகும் குழந்தை கடைசியாக விடும் விம்மல் மாதிரி. காதுக்கருவிக்காரர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் காதைத் திருகிச் சத்தத்தைக் கூட்டிக்கொண்டார்கள்.

"பன்னிரண்டாயிரம்," என்றார் என்னிஸ்.

"பதினாலு!" என்று பின்னாலிருந்து துல்சாக்காரர் ஒருவர் கையைத் தூக்கினார்.

என்னிஸ் தொண்டையைச் செருமினார். "மேடம், சொல்லாம இருக்க முடியல. டாய்ல் என்கிட்ட கை குடுத்திருக்கார். ஆயிரத்து நானூறுக்கு."

டெக்சஸில் கை கொடுத்தால் கொடுத்ததுதான். கையெழுத்தை அழித்தாலும் அழிக்கலாம், கைகுலுக்கலை அழிக்க முடியாது. டாய்லின் தலை நெஞ்சுக்குள் போய்விட்டது. எல்லோரும் நெல்டாவைப் பார்த்தார்கள்.

"குடுத்தாரா? சந்தோஷம்," என்றாள் நெல்டா. "குடுத்த கை டாய்லோடது. கிட்டாரு ராய்ஸோடது. அந்தக் கை வேணும்னா தாராளமா எடுத்துக்கிட்டுப் போங்க."

கூடம் அதிர்ந்தது. துல்சாக்காரர் மேசையைத் தட்டினார். கோய் சிரித்த சிரிப்பில் கால் தவறி நாலாவது பெடலில் பட்டு, கிட்டாரும் சேர்ந்து ஒரு தடவை முனகியது. என்னிஸ் கடைசியில் தானும் சிரித்துவிட்டு, தொப்பியைத் தலையில் வைத்து, கையை நீட்டினார். டாய்லிடம் அல்ல, நெல்டாவிடம்.

"பதினாறாயிரத்து ஐநூறு மேடம். இந்தத் தடவை சரியான ஆள்கிட்ட கை குடுக்கறேன்."

நெல்டா குலுக்கினாள். பிறகு கொழுந்தனைப் பார்த்தாள். "டாய்ல், அந்த இருநூறை அவருகிட்ட குடு."

கொடுத்தான். ஒவ்வொரு நோட்டாக.

மத்தியானம் இரண்டு மணிக்குக் கிட்டாரைப் பெட்டி கட்டும் வேலை ஆரம்பித்தது. நெல்டா நாற்காலியில் சாய்ந்து, ஓலீட்டா கொடுத்த ஐஸ் டீயைக் குடித்தபடி காலை நீட்டிக்கொண்டாள். செக் ரவிக்கைக்குள் பத்திரமாக இருந்தது. கோய் தன் பழைய மூணு பெடல் சட்டத்தை மடியில் வைத்துத் தடவிக்கொண்டிருந்தார்.

"டாய்ல், நீதான் கட்டணும்," என்றாள் நெல்டா. "ஒவ்வொண்ணா எடுத்து வை. சத்தமா எண்ணு."

"அண்ணி..."

"சத்தமா."

"எண்ணுங்க சித்தப்பா," என்று பெக்காவும் தாளம் போட்டாள்.

டாய்ல் முட்டி போட்டுக் கிட்டாரின் காலைக் கழற்றத் தொடங்கினான். "ஒண்ணு."

நெல்டா வெல்மாவுக்கு ஃபோன் போட்டாள். சந்தோஷம் தாங்கவில்லை.

"வெல்மா! பணம் கிடைச்சிருச்சு! பன்னிரண்டும் முழுசா, திங்கட்கிழமை காலைல!"

அந்தப் பக்கம் வெல்மா கல்லாப்பெட்டியைச் சாத்தும் சத்தம் கேட்டது.

"நெல்டா... நீ வேண்டாம்னு சொல்லிட்டதா இல்ல சொன்னாங்க?"

"யாரு சொன்னது?"

"டாய்ல். வியாழக்கிழமை சாயங்காலம் வந்தாரு. கிட்டாரு ஆயிரத்து நானூறுதான் போகுது, அண்ணி விலகிட்டாங்க, நானே வாங்கிக்கறேன்னாரு. உன் முன்பணத்தைவிட ஆயிரம் கூடத் தர்றாராம். திங்கட்கிழமை கையெழுத்துப் போட வர்றேன்னாரு. அதைக் கேக்கத்தான் காலைல ரெண்டு தடவை அவரைக் கூப்பிட்டேன், எடுக்கவேயில்லை. நான் அவருகிட்ட சரின்னு வேற சொல்லித் தொலைச்சுட்டேன்டி!"

நெல்டா ஐஸ் டீ கிளாஸைக் கீழே வைத்தாள். வண்டியில் அடித்த ஃபோன். சீட்டு எத்தனை என்ற கேள்வி. மரக்கட்டை, மரக்கட்டை என்று மூன்று நாளாக அவன் ஓதிய மந்திரம்.

மூன்று மணி நேரத்துக்கு முன்னால் இதைக் கேட்டிருந்தால் உடைந்து போயிருப்பாள். இப்போது கோபம் வந்தது, நல்ல சூடான கோபம். அதோடு கொஞ்சம் சிரிப்பும் வந்தது. ஆயிரம் கூடவா? அவளிடம் இப்போது இருபத்தோராயிரம் இருக்கிறது.

அவளுடைய காலடியில் டாய்ல் பெடல் சட்டத்தைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தான். "மூணு... நாலு," என்றான். சொல்லிவிட்டு, சரிதானே என்பதுபோல் நிமிர்ந்து பார்த்தான்.

நெல்டா அவன் கண்ணிலிருந்து கண்ணை எடுக்காமல் ஃபோனில் சொன்னாள்:

"திங்கட்கிழமை எட்டு மணிக்கு வந்துடறேன் வெல்மா, அவன் சொன்னதுக்கு மேலயே தர்றேன். டாய்லும் வருவான். அவனுக்கும் ஒரு தட்டு வெச்சிரு. இனிமே காசு குடுத்துச் சாப்பிடட்டும்."